போகும்போதும் எடை, வரும்போதும் எடை

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், என் ரத்தம் என்னை விட்டு வெளியே போய் ஒரு இயந்திரத்துக்குள் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. அதுவரை நான் ஒன்பதாம் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் தாஸாவுக்கும் ஃபெஸ் நகருக்கும் நடுவே டாக்சி ஓட்டியவனை இப்படிக் கட்டிப்போட்டால் வாய்தான் ஓடும். அந்த வாய்க்கு அகப்பட்டவர் லல்லா ஹனியா. எங்கள் பக்கம் பெண்ணின் பெயருக்கு முன்னால் லல்லா என்றும் ஆணுக்கு ஸீ என்றும் மரியாதை சேர்ப்போம். அவருடைய கண்ணாடி அறை என் நாற்காலிக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவை அவர் மூடுவதில்லை. மூடினால் சர்வர் சூடாகிவிடும் என்பார். எனக்கு நல்லதாய்ப் போயிற்று.

அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் எழுதப்போகிறேன். நடுநிலையாக எழுதுகிறவர்கள் வேறு இடத்தில் இருப்பார்கள், அவர்களைத் தேடிக்கொள்ளுங்கள். நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவதற்கே அந்தப் பெண்மணிதான் காரணம்.

எங்கள் சிறுநீரக மையத்துக்கு, வருகிற நோயாளிகளின் பெயர் எழுதத்தான் அவர் வந்தார். அதற்கு முன்னால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டெலிபோன் கடையில் இருந்தார். நாலு கூண்டு, நாலு போன். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று குறித்துக்கொண்டே இருப்பார். ஒரு நிமிஷம் அதிகம் போட்டார் என்று நானே அவரோடு ஒருமுறை சண்டை போட்டிருக்கிறேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கைபேசி வந்து கடை மூடியதும் இங்கே வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தார். கணினி வந்தபோது மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், இவர் ஒதுங்கவில்லை. அறுபத்துமூன்று நோயாளிகளின் விவரத்தையும் ஒற்றை ஆளாகத் தட்டி ஏற்றினார். இன்றுவரை அவருக்கு வரவேற்பாளர் என்ற பெயர்தான். வேலை மட்டும் வேறு.

எங்கள் மையத்தில் ஒரு கட்டாயப் பழக்கம் உண்டு. உள்ளே வரும்போது எடை பார்க்க வேண்டும், வெளியே போகும்போதும் எடை பார்க்க வேண்டும். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டவன் உடம்பில் தண்ணீர் தேங்கும். அதை இயந்திரம் உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சுவது? ஒவ்வொருவருக்கும் டாக்டர் ஒரு எண் வைத்திருக்கிறார், நாங்கள் அதை ‘நிற்கவேண்டிய எடை’ என்போம். அதற்குக் கீழே போனால் கால் இழுத்து மயங்கி விழுவோம். அதற்கு மேலே நின்றுவிட்டால் தண்ணீர் நுரையீரலில் ஏறும். தரையில் படுத்துக்கொண்டே மூழ்குவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது எடை பார்க்காமல் சுல்தானே வந்தாலும் தலைமை நர்ஸ் ஃபத்தூமா வெளியே விடமாட்டார்.

போன நவம்பரில் எங்கள் தலைவர் டாக்டர் ஸ்கல்லி, காசாபிளாங்காவிலிருந்து ஒரு கம்பெனியை அழைத்து வந்தார். எங்கள் விவரங்களை எல்லாம் தினமும் பிரான்சில் உள்ள ஒரு கணினியில் காப்பி எடுத்து வைப்பார்களாம். கம்பெனியின் ஆள் பெயர் அனுவார். இளைஞன், நல்ல வாசனை, காலுறை இல்லாத ஷூ. காலை ஷிப்ட் முடிந்து மதிய ஷிப்ட் தொடங்குமுன் ஒன்றரை மணிக்கு யாரும் கணினியைத் தொடுவதில்லை. அந்த நேரத்தில் காப்பி நடக்கும். பதிவுப் புரோகிராம் திறந்திருந்தால் காப்பி எடுக்க முடியாது, அதனால் ஒன்றரைக்கு ஒரு கட்டளை தானாகவே அதை மூடும். இரண்டு மணிக்கு இன்னொரு கட்டளை அதைத் திறக்கும். எல்லாம் நல்லபடி நடந்தால் திரையில் ஒரு பச்சைக் குறி வரும்.

லல்லா ஹனியா பச்சைக் குறியைப் பார்த்தார். அனுவாரைப் பார்த்தார்.

“இந்தப் பச்சை எதை வச்சு வருது?”

“வேலை முடிஞ்சா வரும், லல்லா.”

“எவ்வளவு எடுத்துட்டுப் போச்சு, அங்க எவ்வளவு போய்ச் சேந்துச்சுன்னு எங்க எழுதியிருக்கு?”

“அதையெல்லாம் எழுத விட்டா டிஸ்க் ரொம்பிடும். தப்பு நடந்தா மட்டும் எழுதும். பச்சை வந்தா நிம்மதியா ஒரு புதினா டீ குடிங்க.”

அவர் கையை நீட்டி என்னைக் காட்டினார். “அந்த ஒன்பதாம் நாற்காலிக்காரர் சிரிச்ச முகமா இருக்கார்னு எடை பாக்காம வீட்டுக்கு அனுப்புவோமா?”

நான் உடனே சிரிப்பதை நிறுத்தினேன். அனுவார் தோளைக் குலுக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் படித்தார். படித்ததை எனக்குச் சொல்லிப் பார்ப்பார். எனக்குப் புரிந்தால் தனக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமாம். இதைப் பாராட்டாக எடுப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முதலில் சர்வரை ஒவ்வொரு அடியையும் எழுத வைத்தார். அந்த எழுத்துக்கு லாக் என்று பெயர். ஒரு நாளைக்கு ஒரு லாக், அதன் பெயரிலேயே தேதி. நாற்பது நாளானதும் தானே அழிந்துவிடும். ஆக டிஸ்க் ரொம்பாது. பிறகு மூடும் கட்டளைக்குள் ஒரு வரி சேர்த்தார்: புரோகிராமை மூடு, மூடிவிட்டதா என்று பார், விவரங்களின் எடை, அதாவது எத்தனை ஜிபி, என்று எழுது. திறக்கும் கட்டளைக்குள்ளும் ஒரு வரி: பிரான்சில் போய்ச் சேர்ந்த காப்பியின் எடை எவ்வளவு என்று கேட்டு எழுது, அப்புறம் திற.

எல்லாம் முதல் நாளே சரியாகிவிடவில்லை. ஒரு நாள் இணையம் அறுந்து காப்பி பாதியில் நின்றது. காப்பி வெற்றியாக முடிந்தால் மட்டும் திற என்று அவர் எழுதியிருந்ததால் புரோகிராம் மூடியபடியே கிடந்தது. மதிய ஷிப்ட் முழுக்க நர்சுகள் உள்ளங்கையிலும் மருந்துப் பெட்டி அட்டையிலும் எழுதினார்கள். டாக்டர் ஸ்கல்லி கண்ணாடி அறை வாசலில் நின்று, பெயர் எழுத வந்தவர் பெயர் மட்டும் எழுதினால் போதும் என்று சொன்னார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். லல்லா ஹனியாவின் காது சிவந்தது.  அன்று அவர் வீட்டுக்குப் போகுமுன் அந்த வரியை மாற்றினார். காப்பி ஜெயித்தாலும் தோற்றாலும் புரோகிராம் திறந்தே ஆக வேண்டும், தோற்றது என்பதை மட்டும் லாக்கில் எழுத வேண்டும்.

முன்பெல்லாம் நர்சுகள் எங்கள் எடையைக் காகிதத் தாளில் எழுதுவார்கள். நேரடியாகக் கணினியில் ஏற்றத் தொடங்கியதும் அந்தத் தாள் ஒரு கட்டு மீந்துபோனது. அதை லல்லா ஹனியா எடுத்துக்கொண்டார். நோயாளி பெயர் என்ற இடத்தில் ‘சர்வர்’ என்று எழுதினார். எண் என்ற இடத்தில் அறுபத்துநாலு. தொடங்கிய நேரம், போகும்போது எடை, முடிந்த நேரம், வரும்போது எடை. கடைசிக் கட்டத்தில் பொறுப்பு மருத்துவர் கையெழுத்து, நேரம். தினமும் இரண்டு மணிக்கு லாக்கைப் பார்த்து நிரப்பி, எங்கள் தாள்கள் தொங்கிய அதே ஆணியில் மாட்டுவார். கையெழுத்துக் கட்டம் மட்டும் காலியாகவே இருக்கும். ஃபத்தூமா போகிறபோக்கில், அறுபத்துநாலாம் நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்த்தாச்சா என்று கிண்டல் செய்வார்.

இனி மணி விஷயம். எங்கள் ஊரில் இரண்டு மணி உண்டு, பழைய மணி, புது மணி. வருஷம் முழுக்கப் புது மணி. ரமலான் நெருங்கும்போது அரசாங்கம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிப் பழைய மணிக்குக் கொண்டுவரும், பெருநாள் முடிந்ததும் மறுபடி புதுசு. கல்யாணமானாலும் சுன்னத்தானாலும், பழைய மணியா புது மணியா என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புவோம். இந்த வருஷம் நோன்புக்கு ஒரு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை மணி மாறியது. கைபேசிகள் மாறின. எங்கள் சர்வரும் சமர்த்தாக மாறிக்கொண்டது.

திங்கள்கிழமை இரண்டு மணிக்கு லல்லா ஹனியா தாளை நிரப்பத் தொடங்கிப் பாதியில் நின்றார். போகும்போது எடை வழக்கம்போல இரண்டேகால் ஜிபி. வரும்போது எடை, பூஜ்யம். திரையில் பச்சைக் குறி ஜம்மென்று இருந்தது.

அவர் லாக்கை மேலிருந்து கீழே படித்தார். புரோகிராம் மூடியது ஒன்றரைக்கு. பிரான்சிலிருந்து காப்பி எடுக்க வந்தது பன்னிரண்டரைக்கு.

“பிரான்ஸ்ல இருக்கற கணினிக்கு ரமலான் தெரியாது, ஸீ மௌலூத்” என்றார் என்னிடம். “அது தன்னோட மணிக்கு ஒன்றரைன்னு வந்துட்டுது. நம்ம புரோகிராம் அப்ப திறந்தே இருந்துது, ஒண்ணும் எடுக்க முடியல. வந்தேன், முடிஞ்சுதுன்னு பச்சை போட்டுட்டுப் போயிடுச்சு.”

அனுவாருக்குப் போன் போட்டார். தன் திரையில் எல்லாம் பச்சை என்றான் அவன். நேரத்தை மாற்ற பிரான்சுக்கு எழுத வேண்டும், பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்றான். டாக்டரிடம் போனார். கம்பெனி அமைத்ததில் கை வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே மூடும் நேரத்தைப் பன்னிரண்டரைக்குக் கொண்டுவரலாமா என்றால் அதுவும் ஆகாது. அப்போது காலை ஷிப்ட் ஆட்கள் ஊசியோடு கிடப்பார்கள், நர்சுகள் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே அவர் தன்னுடைய திறக்கும் கட்டளைக்குள் இன்னும் இரண்டு வரி எழுதினார். இரண்டு எடையும் ஒன்றாக இல்லையென்றால், புரோகிராமைத் திறக்குமுன் சர்வருக்குப் பின்னால் செருகிய ஒரு சின்ன டிஸ்கில் முழுக் காப்பி எடு. அதோடு நர்சுகளின் பிரிண்டரில் ‘எடை பொருந்தவில்லை’ என்று ஒரு தாள் அடி. டிஸ்க் அவருடைய சொந்த டிஸ்க். மகளின் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. படங்களை வேறெங்கோ மாற்றிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார்.

மூன்று நாள் தாள் வந்தது. மருந்துச் சீட்டோடு அதுவும் கலந்து வந்ததில் ஃபத்தூமா எரிச்சலாகிப் புகார் செய்தார். டாக்டர் வந்தார்.

“இந்தப் பேப்பர் வர்றதை இன்னிக்கே நிறுத்துங்க.”

“பேப்பரை நிறுத்திடறேன், டாக்டர்.”

அவர் போனதும் நான் மெதுவாகக் கேட்டேன், டிஸ்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே என்று. லல்லா ஹனியா என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“கேக்கல. கேட்டா சொல்லுவேன். ஆணியில தினமும் மாட்டித்தான் இருக்கு, படிக்கிறவங்க படிக்கலாம்.”

அதே வாரம்தான் எனக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்தது. ராத்திரியெல்லாம் படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மார்புக்குள் பானையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எனக்குச் சதை கரைந்துவிட்டது, எடையாக நிற்பது வெறும் தண்ணீர் என்றார். நிற்கவேண்டிய எடையை எழுபத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டரைக்கு இறக்கினார். எனக்கும் விளக்கிச் சொன்னாராம். நான் அப்போது வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன் என்று ஃபத்தூமா சொல்கிறார். மறுப்பதற்கில்லை.

பதினோராம் நோன்பு அன்று, காலையில் சர்வரின் டிஸ்க் செத்துப்போனது. ஒரு கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. நான் ஒரு மணிக்கு வந்தபோது மதிய ஷிப்டின் முப்பத்தோரு பேரும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். டாக்டர் மேஜையில் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். அதிலிருந்து அனுவாரின் குரல் வியர்த்தது. பச்சை, பச்சை, பச்சை, ஆனால் திறந்து பார்த்தால் பதினேழு நாளாகக் காப்பி வெறும் கூடு. மணி மாறுவதற்கு முந்தின நாள் காப்பி மட்டும் முழுசாக இருக்கிறது, அதை இறக்கித் தருகிறேன் என்றான்.

டாக்டருக்குப் போன மூச்சு வந்தது. பதினேழு நாள்தானே, சமாளிக்கலாம் என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பழைய காப்பி மேஜைக் கணினியில் இறங்கிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க கண்ணில் முதலில் பட்ட என்னைக் கூப்பிட்டார்.

“ஸீ மௌலூத், உங்க நிற்கவேண்டிய எடை எவ்வளவு?”

“எழுபத்தொண்ணு, டாக்டர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

பதினோரு வருஷமாக எழுபத்தொன்று என்று சொல்லிப் பழகிய வாய், கொழுப்பெடுத்து அதையே சொன்னது. டாக்டர் திரையைப் பார்த்தார். எழுபத்தொன்று. பார்த்தீர்களா, சரியாக இருக்கிறது என்று போனில் அனுவார் மகிழ்ந்தான். ஃபத்தூமா என் பெயருக்கு நேரே எழுபத்தொன்று என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார்.

“எழுதாதீங்க” என்றது ஒரு குரல். “அறுபத்தெட்டரை.”

லல்லா ஹனியா வாசலில் நின்றார். கையில் அந்தச் சின்ன டிஸ்க்.

டாக்டர் முகம் சுளித்தார். “அவரே எழுபத்தொண்ணுங்கிறார். நீங்க எதை வச்சு சொல்றீங்க?”

“நான் சொல்லல, டாக்டர். நேத்து ரெண்டு மணிக்கு எடுத்த காப்பி சொல்லுது. எடையை இறக்கினது நீங்கதான்.”

“அதை நிறுத்தச் சொன்னேனே.”

“பேப்பரை நிறுத்தச் சொன்னீங்க. அன்னிக்கே நிறுத்திட்டேன்.”

 டாக்டர் என்னைப் பார்த்தார். என் சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தார். நினைவு வந்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். போனில் அனுவார் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் அதை அணைத்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து, அதை லல்லா ஹனியாவுக்கு விட்டார்.

இருபத்தைந்து நிமிஷத்தில் விவரம் முழுக்கத் திரும்பி வந்தது. அதற்குப் பிந்திய இரண்டு ஷிப்டுகளையும் டயாலிசிஸ் இயந்திரங்களின் திரையிலிருந்தே நர்சுகள் எழுதி எடுத்தார்கள். பழைய காப்பியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லல்லா ஹனியா ஒரு பட்டியல் அடித்தார். அந்தப் பதினேழு நாளில் எடை மாறியவர்கள் ஒன்பது பேர். அதில் பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்ட ஈஜ்ஜா கிழவியும் உண்டு. நானாவது தப்பாகச் சொன்னேன், அவளால் தப்பாகச் சொல்லக்கூட முடியாது.

தராசில் ஏறினேன். எழுபத்தொன்று இருநூறு. நான் சொன்ன எண்ணை நம்பியிருந்தால் இருநூறு கிராம் உறிஞ்சிவிட்டு, மிச்சம் இரண்டரை லிட்டரை நெஞ்சோடு கட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். என் சாவை என் வாயாலேயே கேட்டு வாங்கியிருப்பேன். அதை நினைத்ததும் ஊசி குத்துமுன்பே அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை. அன்று சாயங்காலம் இறங்கும்போது தராசு அறுபத்தெட்டரை என்று காட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, எங்கள் தாஸாவில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை, இப்போது எழுதுகிறேன்.

அடுத்த முறை நான் போனபோது புது டிஸ்க் வந்திருந்தது. பிரான்சிலிருந்து காப்பி எடுக்க வரும் நேரம் மாறியிருந்தது, பெருநாள்வரை காத்திருக்காமலே. இரண்டு மணிக்கு லல்லா ஹனியா அறுபத்துநாலாம் நோயாளியின் தாளை நிரப்பினார். போகும்போது எடையும் வரும்போது எடையும் ஒரே எண். ஆணியில் மாட்டப் போனபோது டாக்டர் ஸ்கல்லி குறுக்கே வந்து தாளை வாங்கினார். மேலிருந்து கீழே படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நாலு மாதமாகக் காலியாகக் கிடந்த கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி நீட்டினார். நன்றி, மன்னிப்பு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான்.

லல்லா ஹனியா தாளை வாங்கவில்லை.

“நேரம் போடல, டாக்டர்.”

டாக்டர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து மூணே கால் என்று எழுதப்போனார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஒரு மாதத்துக்காக யார் திருகுவது என்று அவர் தன் கைக்கடிகாரத்தைப் புது மணியிலேயே விட்டிருக்கிறார், பத்தொன்பது நாளாக மனதுக்குள் கழித்துக்கொண்டிருக்கிறார்.

 லல்லா ஹனியா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஃபத்தூமா நின்றார். நான் ஒன்பதாம் நாற்காலியில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேனாவைப் பல்லில் கவ்விக்கொண்டு, கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருகிவிட்டு, இரண்டே கால் என்று எழுதினார்.